பால்குடி மறக்காத பெரியவர்கள்

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில், ஐந்தாம் அதிகாரத்தின் முடிவில் ஒரு வசவு வருகிறது. நாகரிகமான வசவு, ஆனாலும் வசவுதான். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இதற்குள் நீங்கள் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டாமா, உங்களுக்கே இன்னும் ஒருவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதே, சோறு ஊட்டினால் இறங்கவில்லை, பால் பால் என்கிறீர்களே என்று அதை எழுதியவர் கேட்கிறார். சொற்கள் என்னுடையவை, கேள்வி அவருடையது.

இந்தப் பகுதியைக் கோயிலில் கேட்டதாக உங்களுக்கு நினைவு இருக்கிறதா? இருக்காது. ஞாயிறு வாசகங்களில் இது கிடையாது. வாரநாள் பூசையில், பொதுக்காலத்தின் இரண்டாம் வாரம், ஒற்றைப்படை ஆண்டுகளில் இந்தத் திருமுகத்தை வரிசையாக வாசிப்பார்கள். திங்கட்கிழமை ஐந்தாம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஆறாம் அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில் தொடங்குவார்கள். நடுவில் இருக்கும் வசவு அப்படியே தாண்டிப் போய்விடுகிறது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலைக்காலம் முழுவதும் கோப்பு பார்த்தவனுக்கு, நடுவில் இரண்டு பக்கம் இல்லையென்றால் அந்த இரண்டு பக்கத்தைத்தான் முதலில் தேடத் தோன்றும்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பதால் ஒரு விளக்கம். புதிய ஏற்பாட்டில் உள்ள இந்தத் திருமுகம் பதின்மூன்று அதிகாரங்கள் கொண்டது. நெடுங்காலம் இது பவுல் அடிகளார் எழுதியது என்று சொல்லிவந்தார்கள். இன்று பெரும்பாலான அறிஞர்கள் அப்படிச் சொல்வதில்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் என்ற மேதை, இதை எழுதியது யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். யாருக்கு எழுதினார் என்பது மட்டும் படித்தால் புரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அல்ல. சேர்ந்து வருஷக்கணக்காகி, அலுத்துப்போய், கூட்டத்துக்கு வருவதைக்கூடச் சிலர் நிறுத்திவிட்ட பழைய விசுவாசிகளுக்கு.

அதாவது நம்மைப்போன்றவர்களுக்கு.

என் வயதுக் கத்தோலிக்கர்களுக்கு வேதக் கல்வி எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் எல்லாம் பிரெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசம் மட்டும் தமிழில். உபதேசியார் கேள்வி கேட்பார், நாங்கள் பதிலை ராகம் போட்டு ஒப்பிப்போம். கேள்வியும் அச்சில் இருக்கும், பதிலும் அச்சில் இருக்கும், நடுவே யோசிக்க இடம் இருக்காது. பத்தாம் பத்திநாதர் 1910இல் பிள்ளைகளுக்குப் புத்தி தெரியும் வயதிலேயே, சுமார் ஏழு வயதிலேயே, நற்கருணை கொடுக்கலாம் என்று ஆணையிட்டார். அதன்படி ஏழெட்டு வயதில் புதுநன்மை. சில வருஷம் கழித்து உறுதிபூசுதல். அதோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அறுபது வருஷம் ஓடிவிட்டது. இந்த அறுபது வருஷத்தில் மூக்குக்கண்ணாடியை எத்தனை தடவை மாற்றியிருப்போம்! ஞானோபதேசம் மட்டும் அந்தப் பத்து வயதுப் பையனுக்குத் தைத்த சட்டையாகவே இருக்கிறது. அதைத்தான் இன்னும் போட்டுக்கொள்ளப் பார்க்கிறோம்.

மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. வயதான காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், புத்தகமும் கண்ணாடியும் எட்டாத இடத்தில் இருக்கும்போது வாய்க்கு வருவது அந்த மனப்பாடம்தான். பால் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. பேதுருவின் முதல் திருமுகம், பிறந்த குழந்தையைப்போலப் பாலுக்கு ஏங்குங்கள் என்றுகூடச் சொல்கிறது. கெட்டது பால் அல்ல, எழுபது வயதிலும் பால்குடி மறக்காமல் இருப்பது.

முதிர்ச்சி என்றால் என்ன என்பதில்தான் நம் பங்குகளில் பெரிய குழப்பம். வயதை முதிர்ச்சி என்று எண்ணுகிறோம். அல்லது எண்ணிக்கையை. "அவர் பழுத்த கத்தோலிக்கர்" என்று ஒருவரைச் சொன்னால் என்ன அர்த்தம்? தினப் பூசை தவறாதவர், வேளாங்கண்ணிக்கு இத்தனை தடவை நடந்து போனவர், வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவில் கொடியேற்றம் முதல் தேர் வரை நிற்பவர் என்று அர்த்தம். இவை நல்லவைதான். நானும் போகிறேன். ஆனால் அந்தத் திருமுகம் முதிர்ச்சிக்குக் கொடுக்கும் அடையாளம் இது எதுவும் அல்ல. பயிற்சியினால் நல்லது கெட்டதைப் பகுத்துப் பார்க்கப் பழகிய புலன் உடையவர் எவரோ அவரே முதிர்ந்தவர் என்கிறது. ஒரே அடையாளம். அது கோயிலுக்குள் தெரியாது. கோயிலை விட்டு வெளியே வந்து, ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில்தான் தெரியும்.

பிரெஞ்சில் பழுத்ததற்கு 'மூர்' என்பார்கள். பழத்துக்கும் அதே சொல், மனிதருக்கும் அதே சொல். சுவருக்கும் 'மூர்' தான். உச்சரிப்பில் வித்தியாசம் கிடையாது. எழுதும்போது பழுத்ததற்கு மட்டும் உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் குல்லா வைக்க வேண்டும். 'திக்தே' எழுதிய நண்பர்களுக்கு அந்தக் குல்லா நினைவிருக்கும். இதை ஏன் சொன்னேன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

ஆறாம் அதிகாரத் தொடக்கத்தில், எவை அரிச்சுவடி என்பதையும் அவரே எண்ணிச் சொல்லிவிடுகிறார். செத்த செயல்களிலிருந்து மனம் திரும்புதல், கடவுள்மேல் விசுவாசம், ஞானஸ்நானங்களைப் பற்றிய போதனை, கை வைத்தல், மரித்தோர் உயிர்த்தெழுதல், நித்தியத் தீர்ப்பு. இந்த அஸ்திவாரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்காமல் முதிர்ச்சியை நோக்கிப் போவோம் என்கிறார். இதைப் படித்துவிட்டு, ஆரம்பப் பாடம் முடிந்தது, இனி மேல்வகுப்பு, தரிசனம், ரகசியம், உலகமுடிவுக் கணக்கு என்று கிளம்புகிறவர்கள் உண்டு. யூடியூபில் இரவு முழுக்க அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. அஸ்திவாரம் என்பது படித்துத் தேறி விட்டுவிட்டுப் போகும் ஒன்றாம் வகுப்பு அல்ல. வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தை இரண்டாம் தடவை தோண்டமாட்டான். ஆனால் மூன்றாம் மாடியின் எடையையும் அதன்மேல்தான் இறக்குகிறான். அந்த ஆறையும் நாம் சின்ன வயதில் ஒப்பித்தோம். அவற்றின்மேல் எதையாவது கட்டினோமா என்பதுதான் கேள்வி.

முதலாவதையே எடுத்துக்கொள்வோம். பாவத்திலிருந்து மனம் திரும்புங்கள் என்று அவர் எழுதவில்லை. செத்த செயல்களிலிருந்து என்று எழுதுகிறார். பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளில் 'எவ்ர் மோர்த்' என்று வரும். பாவம் என்றால் நமக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லப் பட்டியல் இருக்கிறது. செத்த செயல் என்றால் என்ன? பல அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஓர் எழுத்தருக்குத் தெரிந்த விதத்தில் நான் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு மேலதிகாரியைப் பார்த்தேன். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். லஞ்சம் வாங்காதவர். ஒரு நாள் தாமதமாக வந்தது கிடையாது. காலைப் பூசை பார்த்துவிட்டு நெற்றியில் தீர்த்தத்தின் ஈரத்தோடு நேரே நாற்காலிக்கு வருவார். அவர் மேசைக்கு ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு வந்தது. புருஷன் பெயர் பிரெஞ்சு 'எத்தா சிவில்' பதிவில் ஒரு மாதிரியும், பணிப்பதிவேட்டில் வேறு மாதிரியும் இருந்தது. நம் ஊரில் இது புதிதா? பிரெஞ்சுக்காரன் 'ஊ' என்ற ஒலிக்கு இரண்டு எழுத்து போடுவான், ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. முத்துவும் முத்துவும் ஒரே ஆள்தான் என்று புதுச்சேரியில் பால்காரனுக்குக்கூடத் தெரியும். அவர் கோப்பைத் திருப்பினார். அந்த அம்மா நோட்டரியிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவந்தார். அதில் தேதி சரியில்லை என்று மறுபடி திருப்பினார். மூன்றாம் தடவை வேறு ஏதோ. ஒவ்வொரு குறிப்பும் விதிப்படி சரி. தணிக்கையில் ஒரு கேள்வி எழுப்ப முடியாது. அந்த அம்மாவுக்கு ஓய்வூதியம் வருவதற்குள் ஒன்றரை வருஷம் போய்விட்டது. கடைசிப் பையன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டான்.

அதை அன்று வீட்டில் சொன்னபோது என் துணைவியார், "அவர் ஒரு பாவமும் செய்யலியே, எதைப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லுவாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை இதைவிட நல்ல விளக்கவுரையை நான் படித்ததில்லை. பட்டியலில் சிக்காத செயல். கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது, உயிர் இல்லை. அதே உயிரில்லாமை ஜெபமாலையிலும் வரலாம், நவநாளிலும் வரலாம், உபவாசத்திலும் வரலாம். பாவத்தை விடுவதைவிடச் செத்த செயலை விடுவது கஷ்டம். ஏனென்றால் அதற்காக ஊரில் நமக்கு நல்ல பெயர் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

விசுவாசத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் 1888இல் பதினைந்து வயதில் சேர்ந்து, 1897இல் இருபத்துநாலு வயதில் காசநோயில் இறந்துபோன தெரேசம்மாள். நாம் ரோஜாப்பூ வைத்துக் கும்பிடும் சிறுமலர். அவர் எழுதிய குறிப்புகள் இறந்த மறு வருஷமே புத்தகமாக வந்தன. எங்கள் தலைமுறையில் பிரெஞ்சு படித்த கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் அந்தப் புத்தகம் இருந்தது. ரோஜாப்பூவோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குத் தெரியாதது ஒன்று: 1896 உயிர்ப்புத் திருநாளிலிருந்து சாகும்வரை சுமார் ஒன்றரை வருஷம், மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியாத இருட்டில் அவர் இருந்தார். அந்த இருட்டிலேயே, தன்னை எரிச்சல்படுத்தும் சக கன்னியர்களுக்குச் சிரித்த முகத்தோடு பணிவிடை செய்தார். 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. இருபத்துநாலு வயதில் அவர் பழுத்துவிட்டார். வயதைக் கணக்குப் பார்க்கும் நமக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

இனி ஞானஸ்நானம். இங்கேதான் சுவர் வருகிறது.

நம் சம்பா கோயில் வாசலில் போய் நின்று பாருங்கள். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1791இல் எழும்பியது. அதற்கு முன் அங்கே இருந்த கோயிலை 1761இல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். அந்தப் பழைய கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் மறுபக்கம். இதை எழுதிவைத்தவர் கிறிஸ்தவர் அல்ல. துய்ப்ளெக்சின் துபாஷியாக இருந்த நம் ஆனந்தரங்கப் பிள்ளை. 1745ஆம் வருஷத்து நாட்குறிப்பில், சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்டவர்கள் திரண்டு போய்க் குருவிடம் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அது பிடிக்காமல் போனதையும் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே தண்ணீர். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுதந்திரன் என்ற பேதம் கிடையாது என்று கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் சொல்வதை அவர்களும் கேட்டிருப்பார்கள். அரிச்சுவடி தெரியாமல் அந்தச் சுவரைக் கட்டவில்லை. ஒப்பித்துக்கொண்டே கட்டினார்கள்.

அது பழங்கதை என்று சொல்வீர்கள். 2008 மார்ச்சில், நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள் நடந்த சாதி மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அதுவும் பழங்கதையா? தமிழ்நாட்டில் செத்த பிறகும் சாதிவாரியாகப் படுத்திருக்கும் கிறிஸ்தவக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். 'ஆர்.சி.' என்று போட்டு, ஒரு காற்புள்ளி வைத்து, அடுத்து சாதிப் பெயர். அந்தக் காற்புள்ளிதான் இன்றைய சுவர். அதைக் கட்டுகிறவர்கள் இளைஞர்கள் அல்ல. பிள்ளைகள் பல பேர் எவனோடு எவளோடு படித்தோமோ வேலை பார்த்தோமோ அவர்களைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். குறுக்கே நிற்பது தினப் பூசை பார்க்கும் தாத்தாவும் பாட்டியும். வீட்டில் பேத்தி வேறு சாதிக் கத்தோலிக்கப் பையனைக் கூட்டிவந்து நிறுத்தும் அந்த ஒரு சாயங்காலம், அறுபது வருஷப் பூசைக்கும் நவநாளுக்கும் பரீட்சை. அன்றைக்கு 'மூர்' என்ற சொல்லின் தலையில் குல்லா இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துபோகும்.

இதை எழுதினால் சில நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளட்டும். வாரத்தில் மூன்று நாள் கடற்கரையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். அங்கே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கை வைத்தலைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. உறுதிபூசுதலில் ஆண்டகை கன்னத்தில் லேசாகத் தட்டுவார். 1971இல் சடங்கைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் தலைமுறைக்கு அந்தத் தட்டு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. விசுவாசத்துக்காக அடி வாங்கத் தயாராக இரு என்பது அதன் பொருள். வாங்கினோமா என்பது வேறு விஷயம்.

கடைசி இரண்டும், உயிர்த்தெழுதலும் தீர்ப்பும், நம் வயதில் மிக அருகே வந்துவிட்டவை. நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்களுக்கு விசேஷமான மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அந்த மாதத்திலேயே வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் நம் ஊர் 'சொல்தா'க்களும் அவர்களுடைய வாழ்வுச் சான்றுக்கு அலைவார்கள். காலையில் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் வங்கியில் வரிசையில் நின்று நான் உயிரோடு இருக்கிறேன் என்று கைரேகை வைப்போம். ரேகை தேய்ந்துபோய்ச் சிலருக்கு இயந்திரம் ஒப்புக்கொள்ளாது. நாம் உயிரோடு இருப்பதை நிரூபிப்பதற்கே இவ்வளவு பாடு.

தீர்ப்பைப் பற்றி நமக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததில் பயம்தான் அதிகம். நெருப்பும் தராசும் படமாக மாட்டியிருக்கும். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் பயத்துக்குப் பதில் ஓர் ஆச்சரியம் வரும். அந்தப் பரீட்சையின் கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டது! பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், ஆடை இல்லாதவனுக்கு ஆடை, நோயாளியையும் கைதியையும் போய்ப் பார்த்தல். அவ்வளவுதான். எத்தனை தடவை வேளாங்கண்ணிக்கு நடந்தாய் என்ற கேள்வி அதில் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். சரியாகச் செய்தவர்களுக்கும் தாங்கள் செய்தது தெரியவில்லை. எப்போது செய்தோம் என்று அவர்களே கேட்கிறார்கள். கணக்கு எழுதிவைக்காதவர்கள். பதிவேடு எழுதியே காலம் தள்ளிய என்னைப்போன்றவனுக்கு இது ஜீரணிக்கக் கஷ்டமான பாடம். கெட்டியான சோறு என்று அவர் சொன்னது இதைத்தானோ என்று தோன்றுகிறது.

நோயாளியைப் போய்ப் பார்த்தல் என்பதில் ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியோடு இன்னும் பேசாமல் இருக்கிறோம்? முத்தியால்பேட்டையில் ஒருவர், அரியாங்குப்பத்தில் ஒருவர். ஆட்டோவில் அரைமணி நேரம். ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று செய்தி வரும். "அவன்தானே முதல்ல பேசாம போனான்" என்று இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். பிறகு அடக்கப் பூசையில் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுவார். இப்படி மூன்று அடக்கத்துக்குக் கடந்த சில வருஷங்களில் போய்வந்தேன். இறந்தவர் உயிர்த்தெழுவார் என்று மூன்று கோயிலிலும் உரத்த குரலில் அறிக்கையிட்டார்கள். உயிர்த்தெழுந்தால் அந்தத் தம்பியை எந்த முகத்தோடு பார்ப்பது என்ற யோசனை வரவில்லை என்றால், உயிர்த்தெழுதலை நாம் நம்பவில்லை, ஒப்பிக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "என்ன முசியே, இந்த வயசில நமக்கு என்ன ஞானோபதேசம்? குழந்தைங்க மாதிரி ஆகாட்டி மோட்சம் கிடையாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். நான் குழந்தையாவே இருந்துட்டுப் போறேன்."

நல்ல கேள்வி. இதற்குப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினாலாம் அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது: தீமையில் குழந்தையாக இருங்கள், சிந்திப்பதில் முதிர்ந்தவர்களாக இருங்கள் என்ற பொருளில் எழுதுகிறார். நாம் பெரும்பாலும் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். சொத்து, சாதி, கௌரவம் என்று வந்தால் நம் சாமர்த்தியம் முதிர்ந்து கனிந்திருக்கும். வேதத்தைப் பற்றி யோசிக்கச் சொன்னால் மட்டும் குழந்தையாகிவிடுவோம். நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் காபியை எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார்.

ஞானோபதேசம் சின்னப் பிள்ளைகளுக்கானது என்பதே பிற்காலத்துப் பழக்கம். ஆதித் திருச்சபையில் அது பெரியவர்களுக்காகவே இருந்தது. ஜெருசலேமில், ஆண்டவரின் கல்லறைமேல் கான்ஸ்டன்டைன் கட்டிய கோயிலில், சுமார் 350ஆம் ஆண்டு சிரில் என்பவர் தவக்காலத்தில் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்குப் போதித்த உரைகள் இன்றும் கிடைக்கின்றன. கேட்டவர்கள் தொழில் செய்பவர்கள், குடும்பஸ்தர்கள். அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, கார்த்தேஜ் நகரத்து தெயோகிராசியாஸ் என்ற தியாக்கோன், ஆரம்பப் பாடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கே சலிப்பாக இருக்கிறது என்று முறையிட, அகுஸ்தீனார் ஒரு சின்ன நூலையே பதிலாக எழுதி அனுப்பினார். அதில் ஓர் அழகான யோசனை வருகிறது. நாம் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன நம் ஊரைப் புதிதாக வந்தவருக்குச் சுற்றிக் காட்டும்போது, அவருடைய ஆச்சரியத்தினால் நமக்கும் அது புதிதாகிவிடுகிறது என்கிறார். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளையைப் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் காந்தி சிலைக்கும் கூட்டிப்போன தாத்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். பங்குகளில் பெரியவர்களுக்கு, குறிப்பாக அறுபது தாண்டியவர்களுக்கு, ஞானோபதேச வகுப்பு வேண்டும். பிரசங்கம் அல்ல, பிரசங்கத்தில் நாம் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. தியானம் அல்ல; தியானத்துக்கு வருகிறவர்கள் அழுதுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆறு அடிப்படைகள், ஒன்றுக்கு இரண்டு மாதம், வருஷம் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாதி நேரம், நம் வீட்டில் அது எங்கே இடிக்கிறது என்று மீதி நேரம். செத்த செயலில் நோவேனாக் கணக்கையும், ஞானஸ்நானத்தில் மணமகள் விளம்பரத்தையும், தீர்ப்பில் பாகப்பிரிவினையையும் பேசாமல் அந்த வகுப்பை நடத்தினால் பால்தான் ஊற்றுகிறோம்.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம், நாலு பேர். அவர் இளைஞர், என் மகனைவிடச் சின்னவர். எழுபது வயதுக்காரர்கள் வந்து பாடம் கேட்டது அவருக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மறைக்கல்வி அறை வியாழக்கிழமை சாயங்காலம் காலியாக இருக்கிறதாம். ஐந்து மணிக்குத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார். முதல் மாதம் செத்த செயல்கள். அங்கே இருப்பதெல்லாம் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகள். முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவரவும்.